நுரையீரல் காயமும் செல்களின் நெருக்கடிக்கால எதிர்வினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ, செவிலிய, உயிரியல் மாணவர்களுக்காகவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்காகவும் எழுதப்பட்டது. ஆய்வகப் பகுதி கடைசியில் இருக்கிறது. அது தேவைப்படாதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

செல்லுக்கு நெருக்கடி என்றால் என்ன?

செல்லின் உள்வேலைகள் கட்டுமீறிப் போகும் நிலைதான் நெருக்கடி. புரதங்கள் சரியாக மடியாமல் தேங்கலாம். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகள் பெருகலாம். டிஎன்ஏ உடையலாம், மைட்டோகாண்ட்ரியா பழுதாகலாம், வெப்பம் ஏறலாம், செல் அளவுக்கு மீறி இழுபடலாம். ஒவ்வொன்றையும் மோப்பம் பிடிக்கச் செல்லுக்குள் தனித்தனி உணரிகள் இருக்கின்றன. உணரி விழித்ததும் செல் தன் வழக்கமான உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, பழுதுபார்க்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்கிறது. அப்படியும் சமாளிக்க முடியாவிட்டால் தன்னை அழித்துக்கொள்கிறது, அல்லது இனிப் பிரிவதில்லை என்று நிரந்தரமாக நின்றுவிடுகிறது.

சில மணி நேரமோ சில நாளோ நீடித்து அடங்கினால் இந்த எதிர்வினை நுரையீரலைக் காப்பாற்றும். வாரக்கணக்கில் அணையாமல் எரிந்தால் அதுவே தழும்புக்கு வித்தாகும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கால அளவைப் பற்றியவைதான்.

நுரையீரலில் எந்தச் செல் முதலில் அடிபடுகிறது?

காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை, தட்டையாக விரிந்து பரப்பில் சுமார் 95 விழுக்காட்டை மூடியிருக்கிறது. ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போவது இதன் வழியாகத்தான். இரண்டாம் வகை, எண்ணிக்கையில் அதிகம் என்றாலும் மூலைகளில் ஒதுங்கியிருக்கும் உருண்டைச் செல். நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டைச் சுரப்பது இதுதான். முதல் வகைச் செல் செத்தால் பிரிந்து அந்த இடத்தை நிரப்புவதும் இதுதான்.

மெல்லியதும் விரிந்ததுமான முதல் வகை எளிதில் சாகும். ஆனால் நோயின் போக்கைத் தீர்மானிப்பது இரண்டாம் வகையின் நிலை. அது பிழைத்திருந்தால் சுவர் மீண்டும் எழும்பும். அதுவே நெருக்கடியில் முடங்கிக் கிடந்தால் வெற்றிடத்தை நார்த்திசு நிரப்பும்.

மடியாத புரதத்துக்கும் நுரையீரல் நோய்க்கும் என்ன தொடர்பு?

சுரக்க வேண்டிய புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள் மடிக்கப்படுகின்றன. இரண்டாம் வகைச் செல் ஓயாமல் சுரப்பது, ஆகவே அதன் வலை எப்போதும் பாரம் சுமந்தே இருக்கும். மடியாத புரதம் தேங்கினால் வலையின் சவ்வில் உள்ள மூன்று உணரிகள் விழிக்கின்றன. பெர்க், புதிய புரத உற்பத்தியைத் தற்காலிகமாக அடக்கும். ஐஆர்இ1, எக்ஸ்பிபி1 என்ற தூது ஆர்என்ஏவிலிருந்து 26 எழுத்துகளை வெட்டி எடுத்து, அதிலிருந்து மடிப்புக் கருவிகளைக் கூட்டும் புரதம் உருவாக வழிசெய்யும். ஏடிஎஃப்6, கோல்கி உறுப்புக்குப் போய் வெட்டுப்பட்டு, உட்கருவுக்குள் நுழைந்து அதே வேலைக்குத் துணைநிற்கும். பாரம் குறையாமல் நீடித்தால் சாப் என்ற புரதம் எழுந்து செல்லைச் சாவின் பக்கம் தள்ளும்.

இதற்கு மனிதரிடம் கிடைத்த நேரடிச் சான்று, சர்ஃபாக்டன்ட் புரதம் சி-யின் மரபணுப் பிழை. அந்தப் பிழையால் ஒரே குடும்பத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் இடைத்திசு நுரையீரல் நோய் வந்ததை 2001-இல் வெளியிட்டார்கள். புரதத்தின் கடைப்பகுதி சரியாக மடியாமல் வலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய் (ஐபிஎஃப்) உள்ள, இந்தப் பிழை இல்லாத நோயாளிகளின் இரண்டாம் வகைச் செல்களிலும் இதே நெருக்கடியின் தடயங்கள் பிற்பாடு காணப்பட்டன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டூனிகாமைசின் என்ற மருந்தால் சுண்டெலியின் நுரையீரலில் இந்த நெருக்கடியை உண்டாக்கியபோது, அது மட்டும் தழும்பைத் தரவில்லை. அதன்மேல், நுரையீரலில் தழும்பை உண்டாக்கக்கூடிய புற்றுநோய் மருந்தான ப்ளியோமைசினும் கொடுத்தபோது, தழும்பு வழக்கத்தைவிட மிகுந்தது. நெருக்கடியில் இருக்கும் செல் அடுத்த அடியைத் தாங்காது. தழும்பு நோயுள்ளவர் ஒரு சாதாரண வைரஸ் தொற்றுக்குப் பிறகு சடாரென்று மோசமாவதை மருத்துவர்கள் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

அப்படியானால் இந்த எதிர்வினையை அடக்கிவிட்டால் போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. புரத உற்பத்தியை அடக்கும் வழியில் பெர்க் உட்பட நான்கு நொதிகள் வந்து சேர்கின்றன. பெர்க் மடியாத புரதத்தையும், பிகேஆர் வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவையும், ஜிசிஎன்2 அமினோ அமிலப் பஞ்சத்தையும், எச்ஆர்ஐ, இரும்பு கொண்ட ஹீம் மூலக்கூறின் குறைவையும் உணர்கின்றன. நான்கும் இஐஎஃப்2 ஆல்பா என்ற ஒரே புரதத்தின் 51-ஆம் செரினில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன.

ஜிசிஎன்2-வின் மரபணு இரு பிரதியிலும் கெட்டுப்போனால் நுரையீரலின் சிறு சிரைகள் அடைபடும் அரிய, கொடிய நோய் வருகிறது என்று 2014-இல் தெரியவந்தது. எதிர்வினை இல்லாமல் போனதே அங்கே நோய். அந்த நோயாளிகளுக்கு, சாதாரண நுரையீரல் இரத்த அழுத்த நோய்க்குக் கொடுக்கும் குழாய் விரிப்பு மருந்துகளே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். ஆகவே மருந்து தொடங்கும் முன் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது முக்கியம்.

உயிர் காக்கும் ஆக்சிஜன் எப்படிக் காயப்படுத்தும்?

ஆக்சிஜன் செறிவு ஏற ஏற மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு என்ற வினைமிகு மூலக்கூறு கசிவதும் கூடுகிறது. அதைச் சமாளிக்கும் தலைமைப் புரதம் என்ஆர்எஃப்2. அமைதியான நேரத்தில் கீப்1 என்ற புரதம் இதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் என்ஆர்எஃப்2-வின் அரை ஆயுள் 20 நிமிடம் அளவில்தான். வினைமிகு மூலக்கூறுகள் கீப்1-இன் சிஸ்டீன்களைத் தாக்கியதும் அதன் பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சேர்ந்து, வினைமிகு மூலக்கூறுகளை அடக்கும் குளூட்டாதியோனைத் தயாரிக்கும் நொதிகளையும் ஹீம் ஆக்சிஜனேஸ் 1-ஐயும் பெருக்குகிறது. நுண்ணறையை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளூட்டாதியோன் இரத்தப் பிளாஸ்மாவைவிட நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். இந்த உறுப்பு எவ்வளவு பாதுகாப்பைக் கேட்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல்.

1970-களில் எலிகளில் செய்த ஆய்வு இன்றும் பாடமாகச் சொல்லத்தக்கது. 100 விழுக்காடு ஆக்சிஜனில் வைத்த எலிகள் மூன்று நாள் அளவில் செத்தன. முதலில் ஐந்து முதல் ஏழு நாள் 85 விழுக்காட்டில் இருந்துவிட்டு 100-க்குப் போனவை பிழைத்தன. அந்த இடைக்காலத்தில் நுரையீரலில் சூப்பராக்சைடை அகற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி கூடியிருந்தது. அளவான நெருக்கடி செல்லைத் தயார்ப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் இதை நோயாளியிடம் செய்து பார்க்கக் கூடாது: அவருடைய நுரையீரல் ஏற்கெனவே காயப்பட்டது, ஆரோக்கியமான எலியுடையது அல்ல.

வார்டில் ஆக்சிஜனை எந்த அளவில் நிறுத்துவது?

கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறியில் (ஏஆர்டிஎஸ்) விரலில் மாட்டும் ஆக்சிஜன் செறிவுமானியில் 92 முதல் 96 விழுக்காடு பொதுவான இலக்கு. கரியமில வாயு தேங்கும் அபாயமுள்ள சிஓபிடி (நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) நோயாளிக்கு 88 முதல் 92. மானி 100 காட்டுகிறது என்றால் அது நிம்மதிக்குரிய செய்தி அல்ல. கொடுக்கும் ஆக்சிஜனைக் குறைக்க இடம் இருக்கிறது என்று பொருள். ஆனால் மிகவும் கீழே இறக்குவதும் தவறு. 88–92 என்ற இலக்கை ஏஆர்டிஎஸ் நோயாளிகளிடம் சோதித்த ஒரு பிரெஞ்சு ஆய்வை, குடலுக்கு இரத்தம் குறைந்த நிகழ்வுகள் உட்படக் கவலைதரும் முடிவுகளால் இடையிலேயே நிறுத்தினார்கள். அதன் அறிக்கை 2020-இல் வந்தது.

நம் போன்ற கருத்த தோலுக்கு இன்னொரு எச்சரிக்கை: விரல்மானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். நோயாளியின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லையென்றால் தமனி இரத்த வாயுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

வென்டிலேட்டரே நுரையீரலைக் கெடுக்கும் என்கிறார்களே?

அளவு தப்பினால் கெடுக்கும். மிகையாக இழுபடும் செல்லின் சவ்வு கிழிகிறது. கிழியாத செல்லும் இழுவிசையை நெருக்கடியாக உணர்ந்து அழற்சிச் செய்திகளை இரத்தத்தில் கொட்டுகிறது, அதனால் சிறுநீரகமும் கல்லீரலும்கூடப் பாதிக்கப்படுகின்றன. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 861 நோயாளிகள் இருந்தனர். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்த குழுவில் 39.8 விழுக்காட்டினரும், 6 மி.லி. கொடுத்த குழுவில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். கவனிக்க வேண்டியது: முதல் சில நாட்களில் 12 மி.லி. குழுவின் ஆக்சிஜன் எண்கள்தாம் நன்றாக இருந்தன. திரையில் எண் அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே செல்கள் நைந்துகொண்டிருக்கலாம்.

இந்தக் கிலோ, நோயாளியின் உண்மையான எடை அல்ல, உயரத்திலிருந்து கணக்கிடுவது. ஆணுக்கு: உயரத்திலிருந்து (செ.மீ.) 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்டவும். பெண்ணுக்கு 50-க்குப் பதில் 45.5. உயரம் 165 செ.மீ., எடை 85 கிலோ உள்ள ஆணுக்குக் கணக்கு எடை 61.5 கிலோ, 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு சுமார் 370 மி.லி. உண்மையான எடையைப் போட்டால் 510 மி.லி. ஆகிவிடும், அதாவது கிலோவுக்கு 8-க்கும் மேல். மிக அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். உடல் பருத்தாலும் நுரையீரல் வளர்வதில்லை. படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் நாடா வைத்து அளக்கவும்.

மூச்சை உள்ளிழுத்த முடிவில் அரை நொடி நிறுத்திப் பார்க்கும் பிளாட்டோ அழுத்தம் 30 செ.மீ. நீருக்கு மேல் போகாமலிருக்க வேண்டும். போனால் மூச்சின் அளவை 5, பிறகு 4 மி.லி. என்று இறக்குவார்கள். நோயாளி தானாக மூச்சிழுத்துப் போராடும்போது எடுத்த எண்ணை நம்பக் கூடாது. ஆக்சிஜன் விகிதம் (தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) 150-க்குக் கீழே இருப்பவரை நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது இறப்பைப் பாதியாகக் குறைத்ததை 2013-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது (28 நாளில் 32.8-லிருந்து 16 விழுக்காடு). இழுவிசை நுரையீரலெங்கும் சீராகப் பரவுவது அதன் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இவை எல்லாமே செல்லின் மேல் விழும் சுமையைக் குறைப்பவை. எதிர்வினையை மருந்தால் திருகிப் பார்த்த எந்த முயற்சியும் இதுவரை இவற்றுக்கு ஈடான பலனை ஏஆர்டிஎஸ்-இல் தரவில்லை.

காயம் ஆறும்போது செல்களில் என்ன நடக்கிறது? எங்கே தடுமாறுகிறது?

இரண்டாம் வகைச் செல் பிரிகிறது. மகள் செல் தட்டையாகி முதல் வகையாக மாறுகிறது. இடையில் ஒரு தற்காலிக நிலை உண்டு என்பதை 2020-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் சுண்டெலியில் தனித்தனியே காட்டின. கெரட்டின் 8 என்ற சட்டகப் புரதம் மிகுந்த இந்த இடைநிலைச் செல் நீண்டு மெலியும்போது அதன் டிஎன்ஏ சேதப்படுகிறது, செல் பிரிவதை நிறுத்தும் பி53 புரதம் எழுகிறது, மூப்படைந்த (இனிப் பிரியாமல் நின்றுவிட்ட) செல்லின் சாயல்கூடத் தெரிகிறது. நல்லபடி ஆறும் நுரையீரலில் செல் இந்த நிலையைக் கடந்துவிடும்.

கடக்க முடியாமல் நின்றுபோவதுதான் தழும்பு நோயின் மையம் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். ஐபிஎஃப் நோயாளிகளின் நுரையீரலில் இதற்கு ஒப்பான, கெரட்டின் 17 கொண்ட செல்கள், நார்த்திசு உருவாகும் இடங்களின் மேலேயே படர்ந்து கிடக்கின்றன. தேங்க வைப்பவற்றில் ஒன்று அழற்சி. இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிச் செய்தி, செல்லை இடைநிலைக்குள் தள்ளத் தேவை. அதே செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் செல் முதல் வகையாக முடியாமல் நின்றுவிடுகிறது. இன்னொன்று, மேலே சொன்ன நான்கு நொதிகளின் வழி. ஐஎஸ்ஆர்ஐபி என்ற சிறு மூலக்கூறால் அந்த வழியைத் தளர்த்தியபோது சுண்டெலிகளில் செல்கள் இடைநிலையைக் கடந்தன, தழும்பு குறைந்தது. 2021-இல் வந்த முடிவு அது. மனிதருக்கான தழும்பு மருந்தாக இன்னும் ஆகவில்லை.

வயதானவர்களுக்கு ஏன் ஆறுவதில்லை?

இளம் சுண்டெலிக்கு ப்ளியோமைசினால் வரும் தழும்பு பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் கரைகிறது. முதிய சுண்டெலிக்குக் கரைவதில்லை. வினைமிகு மூலக்கூறுகளை உண்டாக்கும் நாக்ஸ்4 நொதி கூடி, என்ஆர்எஃப்2 எழாமல் போவதால், நார்த்திசுச் செல்கள் சாகாமல் தங்கிவிடுவதை 2014-இல் காட்டினார்கள்.

குரோமோசோமின் நுனியைக் காக்கும் டெலோமியர் குறுகுவது மற்றொரு காரணம். அந்த நுனியை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் மரபணுப் பிழைகள் குடும்பவழித் தழும்பு நோயில் இருப்பது 2007-இல் உறுதியானது. இளநரை, இரத்த அணுக்கள் குறைவு, காரணம் தெரியாத கல்லீரல் சுருக்கம் ஆகியவை குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டெலோமியர் குறுகிய ஐபிஎஃப் நோயாளிகளுக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தீங்காகலாம்.

மூப்படைந்த செல்களை அகற்றும் டாசாட்டினிப், குவெர்செட்டின் கூட்டு மருந்தை 14 ஐபிஎஃப் நோயாளிகளுக்கு மூன்று வாரம் கொடுத்த முதல் சோதனை 2019-இல் வந்தது. நடைவேகம் சற்றுக் கூடியது, நுரையீரல் அளவுகள் மாறவில்லை. கடையில் விற்கும் குவெர்செட்டின் மாத்திரையை இதை நம்பி வாங்க வேண்டாம்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் உதவுமா?

தர்க்கம் சரியாகத்தான் தெரிந்தது, முடிவு வேறாக வந்தது. ஐபிஎஃப் நோயாளிகளின் நுண்ணறையில் குளூட்டாதியோன் குறைவு. அதை உயர்த்த என்-அசிட்டைல் சிஸ்டீன் 600 மி.கி. நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவுப்படி நுரையீரல் திறன் குறையும் வேகத்தில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டான பிரெட்னிசோன், நோய் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்த குழுவில் இறப்பு கூடியதால் அந்தப் பகுதியை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய மருந்துச்சீட்டுகளில் இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தானாக நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டீன் மாத்திரை கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளில் (1994, 1996) நுரையீரல் புற்றுநோய் கூடியது. என்ஆர்எஃப்2 பாதுகாப்பது நல்ல செல்லை மட்டுமல்ல. பல நுரையீரல் புற்றுகள் கீப்1-ஐக் கெடுத்து, அதே பாதுகாப்பைத் தமக்கு எடுத்துக்கொள்கின்றன.

ஐபிஎஃப்-இல் திறன் குறையும் வேகத்தை மட்டுப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்டு, நீண்ட காலமாகப் பயன்படுபவை பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும். முதலாவதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெயில் படாமல் தோலைக் காக்க வேண்டும். இரண்டாவதற்கு வயிற்றுப்போக்கு வரும். கல்லீரல் பரிசோதனை இரண்டுக்கும் தேவை.

ப்ளியோமைசின் போட்டவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் புற்றுநோய் மருந்தைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு. மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து தெளிவாக ஏறும், குறைந்த அளவிலும் வரலாம். பிற்பாடு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. மிகை ஆக்சிஜன் இரண்டாவது அடியாக விழக்கூடும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு?

ஆக்சிஜனைச் சமாளிக்கும் நொதிகள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் பெருகுகின்றன. அதற்கு முன் பிறந்த குழந்தை அவை இல்லாமலே காற்றுக்கு வருகிறது. 32 முதல் 34 வாரத்தில் பிறந்தால் முதலுதவியை 21 முதல் 30 விழுக்காடு ஆக்சிஜனில் தொடங்குவார்கள், 32 வாரத்துக்கு முன் பிறந்தால் 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல். அதன்பின் மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செறிவுமானியில் 91–95 இலக்கு. 85–89-இல் வைத்த குழந்தைகளில் இறப்பு கூடியது.

ஆய்வகத்தில் இந்த எதிர்வினையை அளக்கும்போது எவை தவறுகின்றன?

செல் தேர்விலேயே பலர் சறுக்குகிறார்கள். நுரையீரல் புற்றிலிருந்து வளர்த்த ஏ549 செல்லில் கீப்1 பிழைபட்டிருப்பதால் என்ஆர்எஃப்2 எப்போதும் விழித்தே இருக்கும். அதில் ஆக்சிஜனேற்ற நெருக்கடியை அளப்பது வீண். புதிதாகப் பிரித்தெடுத்த இரண்டாம் வகைச் செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், சில நாளில் சர்ஃபாக்டன்ட் புரதம் சி-யை இழந்து தட்டையாகிவிடும். அந்த மாற்றத்தை மருந்தின் விளைவாகக் கணக்கிடக் கூடாது.

எக்ஸ்பிபி1 வெட்டுப்பட்டதைப் பார்க்க துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் கூழ் 2.5 முதல் 3 விழுக்காட்டில் தேவை. வெறும் 26 எழுத்து வித்தியாசம் 1 விழுக்காட்டில் பிரியாது. மேலே மூன்றாவதாக ஒரு பட்டை வந்தால் அது இரு வடிவங்களும் கலந்த இணை, புது வடிவம் அல்ல. ஒப்பீட்டுக்கு டூனிகாமைசின் மி.லி.க்கு 1–2 மைக்ரோகிராம், 6 மணி நேரம் போதும்.

பாஸ்பேட் ஏறிய இஐஎஃப்2 ஆல்பாவை அளக்கும்போது பனிக்கட்டி மேல் வேலை செய்து, பாஸ்பேட்டேஸ் தடுப்பான் சேர்த்து, மொத்தப் புரதத்தையும் கூடவே அளக்க வேண்டும். இரண்டு நாள் மாற்றாத வளர்ப்பு ஊடகத்தில் அமினோ அமிலம் தீர்ந்து ஜிசிஎன்2 தானே விழிக்கும். மருந்து சேர்க்காத தட்டிலும் பட்டை கருப்பாக வந்தால் முதலில் ஊடகத்தைச் சந்தேகிக்கவும். எந்த உணரி விழித்தது என்பதைத் தனியே காட்டாமல் எண்டோபிளாச வலையின் நெருக்கடி என்று எழுதக் கூடாது.

தனிச்செல் ஆர்என்ஏ ஆய்வுக்காகத் திசுவை 37 டிகிரியில் நொதியிட்டுப் பிரிக்கும்போதே நெருக்கடிக்கால மரபணுக்களான ஃபாஸ், ஜூன், வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் மரபணுக்கள் எழுந்துவிடும். குளிரில் வேலை செய்யும் புரோட்டியேஸைப் பயன்படுத்தலாம். இல்லையேல் பிரிக்காத திசுத் துண்டில் அதே மரபணுக்களைச் சாயமிட்டு உறுதிசெய்ய வேண்டும்.

ப்ளியோமைசின் சுண்டெலியில் முதல் வாரம் அழற்சி. தழும்பு 14 முதல் 21 நாளில் உச்சம். முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்துத் தழும்பு குறைந்தது என்றால் குறைந்தது அழற்சியாக இருக்கலாம். ஏழாம் நாளுக்குப் பிறகே மருந்தைத் தொடங்கவும். நுரையீரல் ஒரு பக்கத்தை முழுமையாக எடுத்து, நார்த்திசுவின் கொலாஜன் அளவைக் காட்டும் ஹைட்ராக்சிபுரோலின் அளக்கவும், ஏனெனில் தழும்பு திட்டுத்திட்டாக வருவதால் சிறு துண்டு ஏமாற்றும். எட்டு வார வயதுச் சுண்டெலியோடு பதினெட்டு மாத வயதுள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளவும். இளம் சுண்டெலி தானாகவே ஆறிவிடும் என்பதால், மருந்து கொடுக்காத குழுவை எட்டு வாரம் வரை தொடர்ந்து பார்க்காமல் மருந்தால் ஆறியது என்று சொல்ல முடியாது.